மெஷினுக்கு வைத்த சந்தனம்

விடிவதற்கு முன்பே ஷெட்டில் இரும்பு வாடை மூக்கைத் துளைத்தது. அமுதம் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு முதல் ஸ்டெபிலைசரைத் தூக்கினாள். கைக்குழந்தை கனம்தான், ஆனால் எந்தக் குழந்தைக்கும் இப்படிக் கையைக் கிழிக்கிற தகர விளிம்பு கிடையாது. டெஸ்டிங் மெஷினின் மேசையில் வைத்து, ஒயரை மாட்டி, பொத்தானை அழுத்தினால் திரையில் எழுத்துகள் ஓடும். பெட்டி சரியென்றால் பச்சை விளக்கு எரியும். பெட்டியில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டு இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்க வேண்டும். ஒரு வரிசை நிறையப் பெண்கள் உட்கார்ந்து செய்த வேலை அது. இப்போது அமுதமும் கமருன்னிசாவும் மட்டும்தான், அதுவும் நின்றபடி.

ஒரு வாரமாகச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. முதலாளி சிதம்பரநாதனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. அமுதத்துக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

மெஷின் ஆவணியில் பட்டணத்திலிருந்து வந்தது, கம்ப்யூட்டர் வைத்தது. கூட வந்த இஞ்சினியர் முகம்மது இப்ராஹிம் நல்ல பிள்ளை. பெண்களின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நீங்க எதையெல்லாம் பாத்துட்டு சரின்னு சொல்வீங்க?" என்று கேட்டுக் கேட்டு ப்ரோகிராமில் ஏற்றினான். பெட்டியின் தகரத்தில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனை அப்படித்தான் உள்ளே போனது. போகும்போது முதலாளியிடம் சொன்னான்: "வாங்கி வச்சா மட்டும் போதாது சார். மெஷின் சொல்றது சரிதானான்னு ஆள் பாத்துக்கிட்டே இருக்கணும். இவங்கள்ல ரெண்டு பேருக்காவது கத்துக்குடுங்க. மழைக்காலத்துல ப்ரோகிராமைத் திருத்த வேண்டியிருக்கும், என்னைக் கூப்பிடுங்க."

முதலாளி தலையைத் தலையை ஆட்டினார். மறு வாரமே பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். நம் பிழைப்பை நம் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோமே என்று அன்றைக்கு அமுதம் அழுத அழுகை கொஞ்சமல்ல.

அப்படியும் ஆயுத பூசை அன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாக் கருவிக்கும் வைத்துவிட்டு இதை மட்டும் விடுவதா என்று மெஷினின் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

"நம்ம பொழப்பைக் கெடுக்க வந்ததுக்குப் பொட்டு வேறயா?" என்று கமருன்னிசா சிரித்தாள்.

"அது என்னடி பண்ணும் கமரு? சொன்னதைச் செய்யுது."

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கடல் காற்றின் உப்பும் ஈரமும் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளில் படிய, நல்ல பெட்டிக்குக்கூட மெஷின் சிவப்பு காட்டியது. முன்பெல்லாம் மழை நாளில் பெண்கள் போர்டைத் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காய வைத்து, அப்புறம்தான் சோதிப்பார்கள். அதற்கு ஆள் வேண்டுமே! முதலாளி இஞ்சினியரையும் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் நடராசனைக் கூப்பிட்டு, "அந்தக் கசிவு டெஸ்ட்டை எடுத்துடு" என்றார். நடராசன் நாலு பொத்தானைத் தட்டினான். அன்றிலிருந்து எல்லாம் பச்சை.

"தப்பு தம்பி இது" என்றாள் அமுதம்.

"மொதலாளி சொல்றாருக்கா. நான் என்ன செய்யட்டும்?"

அப்படி ஒரு வாரம் ஓடிய பிறகுதான், அன்று விடிந்ததும் பேக்கிங் பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். பேக்கிங் செய்யும் கிளிஞ்சல்மேட்டுக் குஞ்சம்மா அட்டைப் பெட்டிக்குள் வைக்குமுன் ஒரு ஸ்டெபிலைசரைச் சொருகிப் பார்த்திருக்கிறாள். தகரத்தில் பட்ட கை ஒட்டிக்கொண்டது. அமுதம் ஓடிப்போய்ப் பலகையால் ஒயரை அடித்துப் பிடுங்கினாள். உயிர் இருந்தது. உள்ளங்கை மட்டும் கருகிச் சுருண்டுவிட்டது. லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெட்டியில் இருந்த டிக், அமுதம் போட்டது.

மறுநாள் முதலாளி எல்லோரையும் மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுல சந்தனம் வச்சது யாரு?"

முதலாளி பொட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"சந்தனம் உள்ள எறங்கி மெஷின் கெட்டுப்போச்சு. அதான் இந்த விபத்து. வச்சவ பேரைச் சொல்லுங்க. அவ ஒருத்தி போனாப் போதும், மத்தவங்க வேலையைப் பாக்கலாம்."

குஞ்சம்மாவின் கைக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கு ஒரு தலை வேண்டும், அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் வராமல் அமுதத்தின் ஊரான போலகத்தில் நடவு வேலையே இல்லை. இந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். ஆனாலும் தன்னால் மற்றவர்களுக்கு ஏன் வேலை போக வேண்டும் என்று வாயைத் திறக்கப் போனாள். கமருன்னிசாவின் கை அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது.

"நான்தாங்க வச்சேன்."

முதலாளி சிரித்தே விட்டார். "நீயா? உனக்கும் ஆயுத பூசைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சந்தனம் எங்களுக்குத் தெரியாததா மொதலாளி? தர்கா கந்தூரிக்குச் சந்தனக்கூடு வர்றப்ப நீங்களும் கையை நீட்டித்தானே வாங்கிப் பூசிக்கிட்டீங்க?"

சால்டரிங் மேசையிலிருந்து காசியம்மா எழுந்தாள். "நானும்தான் வச்சேன்." அவளுக்குப் பின்னால் சௌந்தரவல்லி, "நானும்" என்றாள். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள்.

"வெளையாடறீங்களா? இருக்கறது ஒரே ஒரு பொட்டு!"

"ஒரே பொட்டுதாங்க" என்றாள் கமருன்னிசா. "எல்லாரும் சேந்து வச்சது."

அமுதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள். "சந்தனம் வெளியிலதாங்க இருக்கு. உள்ள இருந்த டெஸ்ட்டை எடுக்கச் சொன்னது யாரு? மெஷின் வேணாம்னு நாங்க சொல்லல. கசிவு டெஸ்ட்டைத் திரும்ப வைங்க. அனுப்பினவங்களைக் கூப்பிடுங்க, மழைக்குக் காய வச்சுச் சோதிக்க ஆள் வேணும். மெஷினை எங்களுக்கும் கத்துக்குடுங்க. குஞ்சம்மா வைத்தியம் உங்க பொறுப்பு. அதுவரைக்கும் ஒரு பெட்டியையும் தொட மாட்டோம்."

"வெளிய போங்க! நடராசன் ஒருத்தன் போதும் எனக்கு!"

போனார்கள். கேட்டுக்கு வெளியே தூறலில், சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் போவது, பூவம் ஊரிலிருக்கும் வேலை போன பெண்களுக்கு யார் சொல்லி அனுப்புவது, தொழிலாளர் அதிகாரியிடம் யார் பேசுவது என்று யோசித்தார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருத்திக்கும் தெரியாது. பயம் எல்லோருக்கும் இருந்தது.

திறந்திருந்த ஷெட் கதவு வழியாக மெஷின் தெரிந்தது. நடராசன் தனியாக ஒரு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் பொத்தான்களைத் தட்டினான். அப்புறம் விளக்கு எரிந்தது. சிவப்பு. அந்தப் பெட்டியை இறக்கி இன்னொன்றை வைத்தான். அதற்கும் சிவப்பு.

"என்னடா பண்ணி வச்சிருக்க? எடுடா அந்த டெஸ்ட்டை!" முதலாளியின் குரல் வாசல்வரை வந்தது.

"எடுக்க மாட்டேங்க" என்றான் நடராசன். குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அமுதம் எழுந்து, தன் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம்விட்டு, சாக்கைத் தள்ளி விரித்தாள்.