தவில் பக்கம்

குளிப்பாட்டுவதற்காகக் கரியப்பனைக் குளிர்பெட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு போனதுதான் தாமதம், அவர் மகன் தருண்குமார் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சால்டரிங் அயர்னைச் சொருகினான்.

“என்றா கண்ணு பண்ற?” ஜோதிமணி அத்தை அழுகையை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

“ஜாக்கு மாத்தறனுங் அத்தை. அப்பாவத் தூக்கறதுக்குள்ள ஒருக்கா ரெண்டு பக்கமும் பாடோணும்.”

ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற இரண்டு ஒயர்களில் ஒன்றின் ஜாக் உடைந்து மூன்று வருடம். கரியப்பனிடம் இருந்தது ஒரே இசைத்தட்டு. அதில் ஒரு பக்க ஸ்பீக்கரில் நாகஸ்வரம், மறுபக்கம் தவில். உடைந்தது தவிலின் ஜாக். ஒயரை வளைத்து விரலால் அழுத்திப் பிடித்தால் தவில் வரும், விட்டால் போய்விடும். எனவே அவர் தினமும் சாயங்காலம் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். சங்கீதத்தில் லயித்திருக்கிறார் என்று தெருவே மெச்சியது.

தருண்குமாருக்கு ஹெப்பாள் தொழிற்சாலையில் வேலையே ஒயர் பற்றவைப்பதுதான். நாளுக்கு நானூறு ஒயர். வீட்டிலிருந்த ஒன்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நல்லெண்ணத்துக்கு அத்தாட்சியாகப் புது ஜாக் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். நேற்றும் அப்பா கேட்டார். நேற்று சனிக்கிழமை. விடியற்காலையில் போய்விட்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

பழையதை வெட்டி, புதியதைப் பற்றவைத்து நிமிர்ந்தான். ஜாக்கின் மூடி தரையில் கிடந்தது. அதை முதலில் ஒயரில் கோர்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இந்தத் தப்புக்காகப் புதிதாகச் சேருகிறவர்களை அவன் கன்னடத்தில் திட்டுவதுண்டு. ஈயத்தை உருக்கிப் பிரித்தான். சூடு அதிகமாகி உள்ளே பிளாஸ்டிக் இளகி, புது ஜாக்கும் பழையதைப் போல ஆயிற்று.

வாசலில் பாடை தயாரானது. தமட்டைப் பறை அடிக்கத் தொடங்கினார்கள்.

தருண்குமார் ஜாக்கை அப்படியே சொருகி, இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஒயரை வளைத்து, விரலால் அழுத்தினான். நாகஸ்வரம் எழுந்தது. கூடவே தவிலும்.

“எழவு வூட்ல கல்யாண மேளமாடா!” என்றாள் அத்தை.

“ஓகலி அக்கா, போகட்டும் விடுங்க, அவருக்கு இஷ்டம்தானே,” என்றார் பக்கத்து வீட்டு பசவராஜ்.

அத்தை வெளியே போய்க் கொள்ளிச்சட்டியோடு வந்தாள். “வா. புடி.”

அவன் இடது கையை நீட்டினான்.

“ஒத்தக் கையிலயா? உன்ற அப்பனுக்குடா! ரெண்டு கையும் நீட்டு.”

“ஒரு நிமிசமுங் அத்தை. பாட்டு முடிஞ்சுரட்டும்.”

“எனக்குக் கை சுடுது, கண்ணு.”

விரலை எடுத்தான். தவில் நின்றது. சட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

முன்னால் தமட்டை போயிற்று. பின்னால், காலிப் பெட்டியின் பக்கத்தில், நாகஸ்வரம் தனியாக ஊதிக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பும்வரை இரண்டும் ஒரு தாளத்தில் சேரவில்லை.