வழுக்காத பந்து

லோனி ஹாஸ்கலின் பதினான்கு வருடப் பேஸ்பால் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்ல ஒரே ஒரு மதியம்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான மேஜர் லீகில் பதினோரு நாள் பந்து வீசியதில், அன்றுதான் மூன்று பேரை வரிசையாக அவுட்டாக்கினான். மிச்சமெல்லாம் சின்ன லீகுகளில் ஒன்பது ஊர், ஒன்பது சட்டை, பஸ்ஸில் தூக்கம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். ஒஹாயோவில் போட்ட ஒரு பந்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான். திறக்க அவனுக்கு என்ன முகம் இருக்கிறது?

அன்று எதிரணியில் ரூஃபினோ. இரண்டு கோடைக்காலம் லோனியோடு ஒரே அறையில் இருந்து, பீன்ஸும் சோறும் ஆக்கிப் போட்டவன். ஆட்டத்துக்கு முன்னால் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"டேய் கெழவா, நாளைக்கு மேஜர் லீகுக்குப் போறேன்டா! முப்பத்திரண்டு வயசுல, மொதத் தடவையா! அம்மா போன்லயே அழுவுறா."

"போய்த் தொலை, அங்கயாவது உருப்படியா அடி," என்றான் லோனி. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நான்காவது இன்னிங்ஸில் எதிரணியில் பந்து வீசியவன் லோனியின் அணி ஆளை முதுகில் பந்தால் அடித்துவிட்டான். பதிலுக்கு எதிரணி ஆள் ஒருவன் விலாவில் பந்து வாங்க வேண்டும், எழுதாத சட்டம். அணியை நடத்தும் மேனேஜர் பர்டெட் லோனியின் காதருகே குனிந்தார்.

"மொதல்ல வர்றவனுக்கு ஒண்ணு வையி."

"அது ரூஃபினோ, சார். நாளைக்கு அவன்..."

"உனக்கு முப்பத்தாறு வயசு. உன் எடத்துக்கு ரெண்டு பேர் ரெடியா நிக்கிறானுங்க. அப்புறம் உன் இஷ்டம்."

பந்தைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். நடக்கவில்லை, வெட்கங்கெட்டவன். வயிற்றுப்பாடு என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு விலாவைக் குறிவைத்தான்.

லோனியின் முதல் பந்து எப்போதும் அடிப்பவனை விட்டு வெளியே வளைந்து போகும். அது ரூஃபினோவுக்கு அத்துப்படி. வேறு எவனாக இருந்தாலும் பின்வாங்கியிருப்பான். இவன் நம்பி முன்னால் சாய்ந்தான். பந்து மட்டையைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் லோனிக்கே கேட்டது.

அம்பயர் எச்சரித்ததோடு விட்டார். இன்னிங்ஸ் முடிந்ததும் கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். "சபாஷ்டா, இதுதான்டா ஆம்பளை!" பதினான்கு வருடத்தில் அவனை இத்தனை பேர் பாராட்டியதில்லை.

ஆட்டம் முடிந்து எதிரணியின் அறைக்குப் போனான். ரூஃபினோ கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அதற்குள் மேஜர் லீகுக்கு வேறொருவனைக் கூப்பிட்டாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் லோனி வந்திருந்தான்.

"ரூஃபினோ, அந்தப் பந்து..."

"விடுடா. நீ வேணும்னே அடிச்சேன்னு எங்க பசங்க குதிக்கிறானுங்க. 'அவன் என் சோத்தத் தின்னவன்டா, செய்ய மாட்டான், கை வழுக்கிருச்சு'ன்னு சண்டை போட்டுட்டு இருக்கேன்." நல்ல கையை நீட்டினான். "வழுக்கிருச்சுதானே?"

லோனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாடா," என்றான். "வழுக்கிருச்சு."