வலப்பக்கம் சுற்றும் பிரபஞ்சம்

2008ஆம் வருஷம் கொஞ்ச நாளைக்கு, பிரபஞ்சம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அது வலப்பக்கம் சுற்றியது. நான் தலைகால் புரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்தேன். சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்த கண்டக்டருக்கு மனதார நன்றி சொன்னேன். ஆராய்ச்சி மாணவிக்குத் துக்கம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. சந்தோஷம் வந்தால் என்ன செய்வதென்று ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை.

விஷயம் இதுதான். விண்வெளித் தொலைநோக்கி எடுத்து அனுப்பும் படங்களில் சுருள் சுருளாக கேலக்ஸிகள் இருக்கும். அவற்றின் கைகள் எந்தப் பக்கமாகச் சுழல்கின்றன என்று பிரித்து எழுதுவது என் வேலை. காற்று மண்டலத்துக்கு மேலே நின்று எடுத்த படங்கள் அல்லவா, தரையிலிருந்து பார்த்தால் அழுக்குப் பொட்டு மாதிரி இருப்பதுகூட இதில் கை, கழுத்து எல்லாம் வைத்து நிற்கும். முதலில் கம்ப்யூட்டரை நம்பினேன். அது தப்பாகச் சொன்னது. அதையும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னது. மனிதக் கண்தான் வேண்டும், அதுவும் பொறுமையான கண், வேறு வேலை இல்லாத கண்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் முழுக்க அந்த மாதிரிக் கண்கள்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா ஜெயலட்சுமி, விஷயம் காதில் விழுந்த உடனே பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஷோபா ஆண்ட்டி சேர்ந்தார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த ராஜேந்திரன் அங்கிள், மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் வாக்கிங், அப்புறம் கோயில், அப்புறம் எங்கள் வீட்டு ஹாலில் கேலக்ஸி. திரையில் படம் வரும், கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும்: வலம், இடம், தெரியவில்லை.

நியாயமாக வலமும் இடமும் பாதிக்குப் பாதி வரவேண்டும். டேபிள் ஃபேனை முன்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சுற்றும், பின்னால் போய்ப் பார்த்தால் மறுபக்கம் சுற்றும். கேலக்ஸியும் அப்படித்தான். ஆனால் எனக்கு மூன்றில் இரண்டு பங்கு வலம் என்று வந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், மங்கலான படங்களில் பாதிக்குப் பாதிதான், தெளிவான படங்களில் கிட்டத்தட்ட எல்லாமே வலம். கண் தப்புப் பண்ணினால் மங்கலானதில் அல்லவா பண்ணும்? தெளிவாகத் தெரியத் தெரிய வலம் கூடுகிறது என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? பிரபஞ்சத்துக்கு ஒரு பக்கம் பிடித்திருக்கிறது! அதைக் கண்டுபிடித்தது இந்தச் சௌம்யா!

என் வழிகாட்டி பிரபா மேடம் சுலபத்தில் சந்தோஷப்படும் ஆள் இல்லை. நான் நீட்டிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசு" என்றார். "அதுக்குள்ள ஒண்ணு பண்ணு. எல்லாப் படத்தையும் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடவலமா மாத்தி, அதே ஆளுங்ககிட்ட காட்டு. பிரபஞ்சம் நிஜமாவே வலமா சுத்துதுன்னா, இப்ப இடம்னு வரணும். வந்துச்சுன்னா நானே டான்ஸ் ஆடறேன்."

மேடத்தின் டான்ஸைப் பார்க்க நான் தயாராகிவிட்டேன். வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். குளியலறையில் பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்தேன். இவ்வளவு வருஷம் படித்து என்ன கண்டாய் என்று கல்யாண வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லிப் பதில் கொடுத்தேன். படங்களைத் திருப்பிப்போட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வியாழக்கிழமை மத்தியானம் இருப்புக் கொள்ளவில்லை. என் பிரபஞ்சம் இடப்பக்கம் திரும்புவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. அம்மா கையில் மவுஸ். நான் பின்னால் போய் நின்றேன். திரையில் ஒரு கேலக்ஸி வந்தது. அப்படி ஒரு அழகு! இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாமல், இடப்பக்கம். என் நெஞ்சு துள்ளியது. போடு அம்மா, போடு.

"எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்கோ" என்றாள் அம்மா.

"எஷ்டு சென்னாகிதே!" என்று ஷோபா ஆண்ட்டி அதையே கன்னடத்தில் சொல்லிக் கண்ணேறு கழித்தார்.

அம்மா 'வலம்' பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா! அது இடப்பக்கமா சுத்தறது!"

"தெரியறதுடி. எனக்கென்ன கண் அவிஞ்சா போச்சு?"

"பின்னே ஏன் வலம்னு போட்டே?"

"இவ்வளவு அழகா இருக்கறதைப் போய் அப்பிரதட்சிணமா சுத்தறதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? செத்தவாளுக்குப் பண்ற அபரகாரியத்துக்குத்தான் அப்படிச் சுத்துவா. அங்க யார் யார் குடியிருக்காளோ, பாவம். நம்ம கையால எதுக்கு?"

"போட்டோ எடுத்தவன் திருப்பி வெச்சு எடுத்திருப்பாம்மா" என்றார் ராஜேந்திரன் அங்கிள். "நாங்க சரி பண்ணிப் போட்டுட்டோம். நீ ஒர்ரி பண்ணிக்காத."

"எல்லாத்தையுமா?"

"சேச்சே" என்றாள் அம்மா. "மங்கலா அழுமூஞ்சியா இருக்கறதை எல்லாம் உள்ளபடிதான் போட்டோம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தெளிவாகத் தெரியத் தெரிய வலம் கூடிய காரணம் விளங்கிவிட்டது. இதற்கா புடவை, இதற்கா பேட்டி! எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்ன ஏது என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவிலேயே வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். நான் கண்டுபிடித்ததாக நினைத்தது என்ன, அது எங்கே போயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சௌமி, இப்போ எந்தப் பக்கம்னு வந்தா உனக்கு நல்லது?"

"இடம்னு வரணும். ஆனா..."

"அவ்வளவுதானே?" நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எல்லாத்தையும் இடம்னே போட்டுடறேன். லட்சணமா இருக்கறதையும்தான். பாவம் என்னோட போகட்டும்."

எனக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தலையசைப்புப் போதும், நாளைக்கு மேடம் டான்ஸ் ஆடுவார், நான் பேட்டி கொடுப்பேன். அப்போது அம்மாவின் விரல்கள் கண்ணில் பட்டன. மவுஸைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தன. யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்குக்கூடக் கெடுதல் வரக்கூடாது என்று தயங்கிய கை, எனக்காக எல்லா அமங்கலத்தையும் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தயாராகிவிட்டது.

"வேண்டாம்மா. என்ன தெரியறதோ அதைப் போடு."

"அப்போ உன் பிரபஞ்சம்?"

"அது எந்தப் பக்கமும் சாயலைம்மா. அதைத்தான் நாளைக்குப் பேசப்போறேன்."

அடுத்த படம் வந்தது. முந்தியதைவிட அழகு, அதுவும் இடப்பக்கம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'இடம்' என்று அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ஷோபா ஆண்ட்டி அலறிக்கொண்டு எழுந்தார், ராஜேந்திரன் அங்கிள் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார், ஹாலே இடிந்து விழுகிற மாதிரி எல்லோரும் சிரித்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி சிரித்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து, "மன்னிச்சுக்கோம்மா, குழந்தை கேக்கறா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.