விளக்கீட்டுக்கு வரவேண்டிய லென்ஸ்

யோகநாதனுக்குச் சூரியன் இறங்கியதும் பாரிஸ் முடிந்துபோகும். கோடையில் பொழுதுபட இரவு பத்து மணியாகும். அதனால் அவனுக்குக் கோடை பிடிக்கும். மார்கழிக் குளிரிலோ ஐந்து மணிக்கே யாரோ நகரத்தைப் பாயாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தெருவிளக்குகளும் கடைப் பலகைகளும் மட்டும் ஒன்றோடொன்று சேராத புள்ளிகளாக மிஞ்சும். புள்ளிகளுக்கு நடுவே மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை அவன் சத்தத்தைக் கொண்டுதான் அறிவான்.

விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டு வரும் நோய் அது. பகலில், நேர் எதிரே இருப்பது துலக்கமாகத் தெரியும். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் மயிரிழைத் திருகாணியைக்கூட எடுத்துப் பூட்டிவிடுவான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் அதுதான் அவனுடைய வேலை. நோயின் பெயரை வீட்டில் சொல்லியிருந்தான். எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைச் சொல்லவில்லை. மனைவி வசந்தரூபி கேட்டால், பொழுதுபட்டால் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான் என்பான்.

கண் இப்படியாவதற்கு முன்பே, சென்-துவான் பழைய சாமான் சந்தையில் அவன் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கமரா வாங்கியிருந்தான். ஃபிலிம் போட்டுப் படம் எடுக்கும் ஜப்பானியக் கமரா. இந்த வகைக் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் இருக்கும் சிறிய கண்ணாடிச் சாளரம் வழியாக. சாளரத்தின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆள் இரட்டையாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் பொத்தானை அமத்தினால் படம் கூர்மை. பகல் வெளிச்சத்தில் அந்தச் சாளரம் அவனுடைய பார்வையில் மிச்சமிருந்த வட்டத்துக்குள் அளவாக அடங்கியது. உலகம் முழுசாகத் தெரிந்த ஒரே இடம் அவனுக்கு அதுதான்.

கோடை முடிகிற நேரத்தில் ஒரு செய்தி வந்தது. சீனாவில் ஒரு சின்ன நிறுவனம் ரேஞ்ச்ஃபைண்டர் கமராக்களுக்கென்று 0.95 லென்ஸ் ஒன்று செய்கிறதாம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வாசல் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண் அது; எண் சிறுக்கச் சிறுக்க வாசல் பெருக்கும். இவ்வளவு பெரிய வாசலுள்ள லென்ஸ்கள் முன்னமும் இருந்தன. ஆனால் அவை புதுக் கார் விலைக்கு விற்றன. பிளாஸ் த லா மத்லேன் பக்கத்தில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருந்தது. யோகநாதன் அதைப் பல வருடம் வெளியில் நின்றே பார்த்திருக்கிறான், உள்ளே போனதில்லை. இந்தப் புதியது ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியின் விலைதான் என்றார்கள்.

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு ஒசாக்காவில் யாரோ ஒருவருக்குச் சோதனைக்காகக் கொடுத்த லென்ஸின் படம் ஒன்று இணையத்தில் வந்தது. ஒரு சாராயக் கடையின் மூலையில், ஒற்றைக் குமிழ் விளக்கின் கீழ், ஒரு பூனை. கடைக் கணினியில் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். பூனையின் மீசை ஒவ்வொரு இழையாக நின்றது. அதற்குப் பின்னால் இருட்டு இருட்டாகவே இருந்தது, ஆனால் அதற்குள்ளே போத்தல்கள் இருந்தன, ஒரு கதிரையின் முதுகு இருந்தது, யாரோ ஒருவருடைய தோள் இருந்தது. தொலைபேசி திருத்த வந்த பெண் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவன் திரும்பினான்.

அன்றைக்கே அவன் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் அது கைக்கு வரவேண்டும்.

வசந்தரூபி விளக்கீட்டன்று வீட்டின் மின்விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, சன்னல் ஓரம் முழுவதும் சிட்டிகளை, சின்ன மண் விளக்குகளை, வைத்துக் கொளுத்துவாள். அந்த நாளில் மகள் லக்சிகாவும் கூடவே நிற்பாள். கடைசியாக எந்த வருடம் அவர்களுடைய முகங்களை அந்த வெளிச்சத்தில் பார்த்தான் என்று யோசித்தால் அவனுக்கு விடை வரவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக மிதக்கும் சுடர்கள். சுடருக்குப் பின்னால் இரண்டு குரல்கள்.

லென்ஸின் முதல் தொகுதி அவன் தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் விற்றுத் தீர்ந்தது. இரண்டாவது தொகுதியில் இடம் கிடைத்தது. பிறகு, கண்ணாடி வார்ப்பில் ஒரு பகுதி சரியில்லை, திரும்பச் செய்கிறோம், பொறுத்திருங்கள் என்று செய்தி வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து அதை எதிர்பார்த்திருந்தவர்கள் இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். யோகநாதன் திட்டவில்லை. பிழையானதை அனுப்ப மனம் வராதவர்கள் என்று அவனுக்கு மரியாதைதான் கூடியது.

அவன் வேலை செய்த கடைக்கு அக்கம்பக்கத்தவர்களின் பொதிகளும் வந்து இறங்கும். சென் தெனிக்காரரின் சப்பாத்து, ஒபர்வில்லியேப் பெண்ணின் தையல் மெசின் என்று ஊரார் பொதியெல்லாம் அவன் கையால் போனது. தன்னுடையது மட்டும் வரவில்லை.

கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் கிரிகோரி அவனுடைய பழைய கூட்டாளி. நாலு கடை தள்ளி ஸ்டூடியோ வைத்திருந்தான். அவன் இந்த லென்ஸ் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

“மச்சான், அந்த விலைக்கு அவ்வளவு பெரிய வாசல் எண்டால் படம் பனிப்புகார் மூடின மாதிரித்தான் வரும். ஏன் கஷ்டப்படுறாய்? இப்பத்தைய டிஜிற்றல் கமரா இருட்டிலை பூனையை விட நல்லாப் பாக்கும். என்ரையைக் கொண்டுபோ.”

லக்சிகாவும் அதையேதான் சொன்னாள், பிரெஞ்சில். தன் தொலைபேசியின் இரவுப் படப்பிடிப்பை அவனுக்குக் காட்டவும் செய்தாள். விளக்கை அணைத்த அறையில் தாயை நிற்க வைத்து எடுத்த படத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது, நண்பகல் போல. வசந்தரூபியின் முகம் மெழுகு பூசியதுபோல இருந்தது.

“இது இரவைப் பகலாக்கிப்போடுது,” என்றான் யோகநாதன். “பகல் எனக்குத் தெரியும்தானே. எனக்கு இருட்டும் வேணும், அதுக்குள்ளை இருக்கிறதும் வேணும்.”

வசந்தரூபி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஒருவழியாக அனுப்பிவைத்த பொதி றுவாசி விமான நிலையத்துச் சுங்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. விளக்கீட்டுக்கு முதல் நாள் மத்தியானம், வழக்கமான வண்டிக்காரர் வழக்கமான அட்டைப்பெட்டிகளோடு ஒரு சின்னப் பெட்டியையும் மேசையில் வைத்தார். அதில் தன் பெயரை வாசித்தபோது யோகநாதனுக்கு அது வேறு யாரோ ஒரு யோகநாதன் என்றே பட்டது.

கடை வாசலுக்கு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தான். கைக்குள் அடங்கினாலும் பாரமாக இருந்தது. முன்கண்ணாடி வளைந்து, ஈரமாக இருப்பதுபோல, ஊதாவும் தேன்நிறமுமாக மின்னியது. வாசலை முழுதாகத் திறந்துவிட்டு வானத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே தடையென்று ஒன்றுமே இல்லை. ஒரு பக்கத்தால் நுழைந்த மங்கிய பாரிஸ் வானம் மறுபக்கத்தால் அப்படியே வழிந்தது. மனிதக் கண்ணின் கருமணி எவ்வளவு விரிந்தாலும் இதன் ஒரு மூலைக்குப் போதாது. தன் வாழ்நாளில் இவ்வளவு அகலமாகத் திறந்த ஒன்றை அவன் கையில் வைத்திருந்ததில்லை. தெருவில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவன் அசையவில்லை.

இனி ஒரு சிக்கல் இருந்தது. லென்ஸ் இருட்டில் பார்க்கும். அவனால் பார்க்க முடியாதே. இரட்டை உருவத்தை ஒன்றாக்கும் அந்த மஞ்சள் கட்டம் இருட்டில் அவனுக்கு இல்லை. இந்த வகை லென்ஸோ முழுதாகத் திறந்திருக்கும்போது மூன்று விரல் அகலத்துக்குத்தான் கூர்மை தரும். முன்னே பின்னே போனால் முகம் கரைந்துவிடும்.

மங்கலில் கட்டம் பிடிபடாது என்று மட்டும் அவன் சொல்ல, அதற்கு வழி வசந்தரூபிதான் சொன்னாள். அவள் முன்பு தையல் வேலை செய்தவள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே சன்னல் ஓரத்தில், விளக்கு வைத்தபின் தான் இருக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்தாள். அவன் எதிரே கதிரையில் இருந்தபடி மஞ்சள் கட்டத்துக்குள் அவளுடைய கண் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருப்பினான். அந்த இடத்தில் வளையத்தைப் பிசின் நாடாவால் ஒட்டினான். கமராவில் பட்டி மாட்டும் காதில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை அவள் தன் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

“இருட்டினாப் பிறகு நான் முடிச்சைக் கன்னத்திலை வைச்சு நூலை இறுக்குவன். இறுகினால் அளவு சரி. பிறகு நான் நூலை விட்டிடுவன், நீங்கள் அமத்துங்கோ.”

விளக்கீடு வந்தது. நாலரை மணிக்கே வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. லக்சிகா சிட்டிகளுக்கு எண்ணெய் விட, வசந்தரூபி திரி வைத்துக் கொளுத்தினாள். மின்விளக்கை அணைத்துவிட்டு அவள் தன் இடத்தில் வந்து இருந்தாள். யோகநாதன் கதிரையில் கமராவோடு இருந்தான். எப்போதும் போல அறை போய்விட்டது. சுடர்கள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. கையிலிருந்த நூல் இறுகியது. அந்த இருட்டின் மறுபக்கத்தில் அவளுடைய கன்னம் இருக்கிறது என்பதை அவன் விரல் அறிந்தது. நூல் தளர்ந்தது. அமத்தினான். ஃபிலிமை நகர்த்தினான். மறுபடி நூல் இறுகியது, தளர்ந்தது, அமத்தினான். ஃபிலிம் முடியும்வரைக்கும் அப்படியே போனது.

ஃபிலிமைக் கழுவுவது அவனுக்குப் பழக்கமான வேலை. ஒளி புகாத பைக்குள் கையை விட்டு, தடவித் தடவிச் சுருளில் ஏற்றவேண்டும். அந்தப் பைக்குள் எவருக்குமே கண் தெரியாது என்பதால் அவன் ஆறுதலாகவே செய்வான். அன்றைக்கு மட்டும் சுருளை இரண்டு தரம் கழற்றி ஏற்றினான். காய்ந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை கிரிகோரியின் ஸ்டூடியோவுக்குப் போனான். அங்கே ஸ்கானரும் பெரிய திரையும் இருந்தன.

“புகாரைப் பாப்பம்,” என்று சொல்லிக்கொண்டே கிரிகோரி முதல் படத்தைத் திரையில் விரித்தான்.

புகார் இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு சுடரையும் சுற்றி மெல்லிய வெண்வட்டம் கசிந்திருந்தது. மூலைகள் கறுத்து, பின்னாலிருந்தவை சுழன்று கரைந்திருந்தன. ஆனால் நடுவில் வசந்தரூபி இருந்தாள்.

கன்னத்தின் ஒரு பக்கம் வெளிச்சம். மறுபக்கம் இருட்டு, ஆனால் அந்த இருட்டுக்குள்ளும் கன்னம் இருந்தது. கண்மடலின் மயிர் ஒவ்வொன்றாக நின்றது. நூல் அழுத்திய இடத்தில் தோலில் மெல்லிய கோடு. நெற்றியோரம் நரைத்த முடி ஒன்று சுடரைப் பிடித்துக்கொண்டு மின்னியது. அவளுடைய தோளுக்கு அப்பால் லக்சிகா பாதி கரைந்து, குனிந்தபடி ஒரு சிட்டியைத் தூண்டினாள். அவளுக்கும் அப்பால் சன்னலின் வெளியே ஒரு வானம். கறுப்பல்ல, சாம்பல் நிறத்தில், கூரைகளையும் புகைக்கூண்டுகளையும் வைத்துக்கொண்டு, இன்னும் முழுதாக அணையாத வானம். பொழுதுபட்ட பிறகும் வானம் இருக்கிறது என்பதை அவன் மறந்தே போயிருந்தான்.

யோகநாதன் திரைக்கு மிகக் கிட்டப் போய் நின்றான். மூலையிலிருந்து மூலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை நகர்த்திப் பார்த்தான். கிரிகோரியும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான முகங்களை வெளிச்சம் போட்டு எடுத்தவன் அவன். வசந்தரூபியின் கண்களை விரலால் காட்டினான்.

“தங்கச்சி விளக்கைப் பாக்கேல்லை, என்ன?”

அப்போதுதான் யோகநாதன் அதைக் கண்டான். அடுத்த படத்தைப் போடச் சொன்னான். அதற்கு அடுத்ததையும். ஒன்றில் லக்சிகா சிரித்தாள், ஒன்றில் ஒரு சுடர் சாய்ந்தது, ஒன்றில் வெளியே ரயிலொன்றின் சன்னல் வரிசை கோடாகப் போனது. வசந்தரூபி மட்டும் மாறவில்லை. எல்லாப் படத்திலும் அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸை அல்ல, அதற்குச் சற்று மேலே, அவனுடைய கண்களை. எதையும் காணாத அந்தக் கண்களை, அவை காணவில்லை என்று நன்றாகத் தெரிந்தவளின் பார்வையோடு.

இருட்டில் தான் தனியே இருந்ததாகவே இத்தனை காலமும் அவன் நினைத்திருந்தான்.

வீட்டுக்குப் போய்ப் படத்தின் பிரதியை அவளிடம் கொடுத்தான். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். தலைமயிர் கலைந்திருக்கிறது என்று முதலில் சொன்னாள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபடி பார்த்தாள்.

“எனக்கு இருட்டினால் ஒண்டும் தெரியிறேல்லை, ரூபி,” என்றான் அவன். “மங்கல் இல்லை. ஒண்டுமே இல்லை.”

“தெரியும்.”

“எப்பவிலிருந்து?”

“நான் கன நாளா மரக்கறி வாங்க எண்டு பின்னேரத்திலை கடைப்பக்கம் வந்து உங்களோடை வீட்டுக்கு நடக்கிறன். வீட்டிலை நிறைய மரக்கறி கிடக்கு. நீங்கள் ஏன் எண்டு கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.” படத்தை மேசையில் வைத்தாள். “நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்.”

அவன் கதிரையில் இருந்துவிட்டான். கோபமோ வெட்கமோ வரவில்லை. காலையில் திரையின் முன் நின்றபோது வந்த அதே பிரமிப்புத்தான் இன்னும் பெரிதாக வந்தது. ஒரு கண்ணாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதை அவனால் விளங்கிக்கொள்ள முடிந்தது; அதற்குக் கணக்கு இருந்தது. இவள் சேர்த்து வைத்திருந்ததற்கு என்ன கணக்கு?

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், பொழுதுபட்டு அவன் வழக்கமாக வீட்டுக்குள் அடங்கிவிடும் நேரத்தில், அவர்கள் இருவரும் வெளியே போனார்கள். அவன் மறைக்காமல் அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தான். லாச்சப்பல் பெருந்தெருவில், கார் து நோர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு மேலாகப் போகும் பாலத்தில் போய் நின்றார்கள். தூரத்தில் இருப்பவற்றுக்கு அளவு பார்க்கத் தேவையில்லை. வளையத்தை முழுதாகத் திருப்பி விட்டால் போதும். கீழே ஏதோ அதிர்ந்தது. மேலே இரும்பு முனகியது.

“என்ன கிடக்கு, சொல்லும்,” என்றான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். தண்டவாளங்கள் நனைந்து மினுங்குகின்றன, எத்தனை என்று எண்ணேலாது. அந்தப் பக்கம் வானம் கத்தரிப்பூ நிறம். மேம்பாலத்தில் மெற்றோ வருகிறது, உள்ளே ஒரு கிழவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நித்திரை. கீழே ஒரு ரயில் வெளிக்கிடுகிறது. அதன் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் ஓடுகிறது, இந்தா, இப்ப எங்களுக்கு இடப்பக்கத்தாலை கிட்ட வருது.

யோகநாதன் கமராவைக் கண்ணுக்கு உயர்த்தி, அவளுடைய குரல் காட்டிய திசைக்கு ஒரு சாண் இடப்புறமாகத் திருப்பி, அமத்தினான்.