கணுக்காலுக்கடியில் ராகி

கிளப்பில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு ரைஃபிள். மண்டியிட்டுச் சுடும் பத்துக் குண்டுகளில் யார் முந்துகிறாளோ, மாநிலப் போட்டி வரைக்கும் அது அவளுக்கு. சமமாக வந்தால் போன வருடம் வைத்திருந்த மாதேஸ்வரிக்கே. அவள் சுட்டு முடித்துவிட்டாள்; நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. இனி லிபியாவின் முறை.

பாகலூர் சாலையில், கல் எடுத்து முடிந்த குவாரிக்குள் இருந்தது சுடும் இடம். லிபியா வலது காலை மடித்து, கணுக்காலுக்கடியில் உருளைத் தலையணையைச் செருகிக் குதிகாலின் மேல் உட்கார்ந்தாள். ரெக்சினில் அவளே தைத்த உருளை. உள்ளே ராகி. மணல் இறுகிவிடும், தவிடு அமுங்கிவிடும். ராகிதான் பாதத்துக்கு ஏற்ப நகர்ந்து அப்படியே நிற்கும் என்பது இயற்பியல் படித்தவளின் கண்டுபிடிப்பு.

“களிக்கு ஆவும் புள்ள, பத்திரமா வெச்சிக்கோ,” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரி.

பயிற்சியாளர் எபினேசர் அவளை அடக்கிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார்.

லிபியா ரைஃபிளைத் தாங்கும் வாரை இடது கையில் இறுக்கி, முழங்கையை முழங்காலில் பதித்து, பாதி மூச்சில் நிறுத்தினாள். ஒவ்வொரு குண்டையும் பக்கத்திலிருந்த ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டாள். முதல் மூன்றும் பத்து. நான்காவது ஒன்பது, மேலே. மூச்சு பிசகிவிட்டது என்று நினைத்தாள். ஐந்தாவது எட்டு, இன்னும் மேலே. குறிபார்க்கும் சைட்டைத் திருகி இரண்டு கிளிக் இறக்கினாள். இறக்கிய பிறகும் ஆறாவது மேலேயே போய் எட்டில் விழுந்தது.

 காற்றென்றால் பக்கவாட்டில் தள்ளும். மேலே ஏறுகிறதென்றால் குழல் ஏறுகிறது. முன்கை பூட்டியிருக்கும்போது குழல் ஏறினால், பின்னால் ஏதோ இறங்குகிறது. கீழே பார்த்தாள். உருளையின் ஓரத்தில் எலி கடித்த ஓட்டை, பாயெல்லாம் ராகி. அதை வீட்டு அடுப்படியில் வைத்தது அவளேதான்.

“சார், ரோல் ஓட்டையாயிடுச்சி.”

“ரைஃபிள் ரிப்பேர்னா நேரம் தருவேன். தலகாணிக்கெல்லாம் தர முடியாதும்மா.”

மாதேஸ்வரியின் உருளை அவள் மடியில் இருந்தது. அவள் நீட்டவில்லை. லிபியா கேட்கவுமில்லை.

ராகி உருளையை உருவி எறிந்தாள். பாதத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். கணுக்கால் எலும்பு தரையில் குத்தியது. உடம்பு தாழ்ந்துவிட்டதால் இடது பாதத்தை முன்னே தள்ளி முழங்காலையும் தாழ்த்தினாள். கண்ணை மூடித் திறந்தாள். குழல் கறுப்பு வட்டத்தை விட்டு விலகவில்லை. விரல் ட்ரிகரைத் தொட்டபோதுதான் உறைத்தது: இறக்கிய இரண்டு கிளிக் அப்படியே இருக்கிறது. சுட்டிருந்தால் கீழே போயிருக்கும். ரைஃபிளைத் தாழ்த்தி, கிளிக்கைப் பழையபடி ஏற்றிவைத்தாள்.

பத்து. மறுபடி பத்து. அடுத்தது ஒன்பது. இதுவரை எண்பத்து நான்கு; கடைசிக் குண்டு பத்தாக இருந்தால்தான் ரைஃபிள்.

கால் மரத்துப்போயிருந்தது. நாடித் துடிப்புக்குக் குழல் ஆடியது. எபினேசர் கடைசி நிமிடம் என்றார். ரொம்ப நேரம் குறி பார்த்ததில் கண் மங்கியது. சுடாமல் இறக்கினாள். பசும்புல்லைப் பார்த்துக் கண்ணைத் தெளியவைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் குழல் நின்ற அந்த நொடியில் விரல் தானாக அழுத்தியது. பாறை சத்தத்தைத் திருப்பித் தந்தது.

ஸ்கோப்பில் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எபினேசர் நடந்துபோய் அட்டையைக் கழற்றிவந்தார். குண்டு பத்தின் கோட்டைத் தொட்டிருந்தது. தொட்டால் பத்து.

மாதேஸ்வரி ரைஃபிள் பெட்டியிலிருந்து தன் வாரையும் கையுறையையும் எடுத்துக்கொண்டாள். பெட்டிச் சாவியை லிபியாவின் கையில் வைத்தாள், உடனே விடவில்லை.

“உருளையக் குடுக்கலாம்னுதான் தோணுச்சி. கை வரல.”

“எனக்கும் வந்திருக்காதுக்கா,” என்றாள் லிபியா.

மாதேஸ்வரி சாவியை விட்டாள்.