ஓரெஸ்டின் தாடி

“கத்தியைக் கீழ வைம்மா!”

“நீ முதல்ல அந்த ரேடியோவை நிறுத்துடி. இது சவ அறை, உங்க ரெண்டு பேரோட ஹாக்கி மைதானம் இல்ல…”

“ஆட்டம் முடியல. முடியற வரைக்கும் அப்பா தாடியைத் தொடக் கூ…”

“அஞ்சு மணிக்கு ஜெபத்துக்கு ஊரே வந்து நிக்கும். கரடி மாதிரி படுத்திருக்காரு மனுஷன்!”

பெட்டிக்குள் ஓரெஸ்ட், நீலக் கோட்டில், இதில் தனக்கொன்றும் இல்லை என்பதுபோல் கிடந்தார். மார்ச்சில் ஐஸ் ஹாக்கியின் வெளியேற்றுச் சுற்றுகளான பிளே‑ஆஃப் தொடங்கியதிலிருந்து அவர் முகத்தில் கத்தி படவில்லை. உள்ளூர் அணியான கிரேன்ஸ் தோற்று வெளியேறினால்தான் சவரம். வாலிப நாளிலிருந்தே அதுதான் அவருடைய சட்டம். இந்தச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை ஜெயித்த மறுநாள் காலை, காபியும் கையுமாக நாற்காலியிலேயே போய்விட்டார். இன்று ஏழாவது, கடைசி. ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

லெசியாவுக்குப் பத்தொன்பது வயது. அதில் பதினைந்து வருஷம் ஹாக்கி அரங்கத்தின் ஏழாம் வரிசையில், அப்பாவுக்கு இடப்பக்கம். இடம் மாறினால் அணி தோற்கும். இன்றும் பெட்டிக்கு இடப்பக்கமே நாற்காலி போட்டிருந்தாள்; கறுப்புக் கவுனுக்கு மேல் கிரேன்ஸ் சட்டை.

“முப்பது வருஷம் நான் பார்த்த முகம் வேணும்டி எனக்கு,” என்றாள் டாரியா. குரல் இறங்கிவிட்டது.

“தோத்தா நானே மழிச்சு விடறேன்மா. சத்தியமா. ஜெயிச்சா அப்படியே விட்டுடணும்.”

“செத்தவருக்கு எதுக்குடி அடுத்த சுற்று?”

லெசியா ரேடியோவை இன்னும் கொஞ்சம் உரக்க வைத்தாள்.

“க்ளென், நீயாவது சொல்லேன். மழிச்சு விடுன்னு கேட்டா நீயும் முடியாதுன்னுட்டே.”

அடக்க நிலையத்துக்காரர் க்ளென் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவர் முகத்திலும் ஐந்து வாரத்துத் தாடி.

“நீயுமா!”

“இந்தத் தாடிக்கு என் வீட்டுக்காரி என்னையே பெட்டியில வெச்சு மூடிடுவேங்கறா, டாரியா.”

ரேடியோவில் இரண்டு நிமிஷம் மிச்சம். கிரேன்ஸ் ஒரு கோல் பின்னால்.

“தோத்தாச்சு. போதும்.” டாரியா பிரஷை நனைத்து, கணவரின் வலக் கன்னத்தில் நுரை பூசினாள். இடக் கன்னத்துக்குப் போகையில் ரேடியோக்காரன் அலறினான். நாற்பது நொடி இருக்கும்போது கோல்! சமம்.

“யாரும் நகராதீங்க!”

“என்னடி?” என்று டாரியா கேட்பதற்குள் மிச்ச நொடிகளும் ஓடி, ஆட்டம் சமத்தில் நின்றது.

“கூடுதல் நேரம்மா! முதல் கோல் போடறவங்கதான் ஜெயிப்பாங்க. சமம் ஆனப்போ எப்படி நின்னோமோ அப்படியே நிக்கணும். நகந்தா போச்சு.”

“கையெல்லாம் சோப்பு வழியுது!”

“வழியட்டும்.”

“இப்போ இடைவேளைதானே, பதினஞ்சு நிமிஷம்…”

“இடைவேளைலதான் ரொம்ப முக்கியம்,” என்றார் க்ளென், பூச்சாடியை நெஞ்சோடு அணைத்தபடி.

நின்றார்கள். ஓரெஸ்ட் மட்டும் சிரமமில்லாமல் சட்டத்தைக் கடைப்பிடித்தார். அவர் கன்னத்து நுரை காய்ந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கி ஒன்பதாவது நிமிஷம், டாரியா மெல்லக் கேட்டாள்:

“யாருகிட்டடி இருக்கு இப்போ?”

“நம்மகிட்ட.”

“அப்போ அடிக்கச் சொல்லேன் அந்தத் தடியனை!”

அடித்தான்.

க்ளென் சாடியிலிருந்த தண்ணீரையெல்லாம் தன் சூட்டிலேயே கொட்டிக்கொண்டார். லெசியா துள்ளிக் குதித்து, பழக்கத்தில், வலக்கையை வலப்பக்கம் ஓங்கினாள். அப்பாவின் கை வந்து அறைய வேண்டிய இடம். கை அந்தரத்தில் நின்றது.

பெட்டிக்குக் குறுக்கே நீண்டு வந்த ஒரு சோப்புக் கை அதில் பளீரென்று அறைந்தது.

பிறகு டாரியா ஈரத்துணியால் கணவரின் கன்னத்து நுரையைத் துடைத்தாள். கத்தியை மடித்துக் கைப்பைக்குள் போட்டு, சீப்பை எடுத்தாள். தாடியை மேலிருந்து கீழாக, சிக்கெடுத்து, நிதானமாக வாரினாள்.

“அடுத்த ஆட்டம் என்னைக்குடி?”