அஞ்சு தாண்டட்டும்

"மணி என்னம்மா?" என்று அப்பா கேட்டபோது, அவள் ஈரப் பஞ்சால் அவர் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது பதினேழாவது தடவையோ பதினெட்டாவது தடவையோ.

"மூணே முக்கால்ப்பா. பேசாம படுங்க."

மாதத்தின் கடைசி நாள். அறுபது முடிந்து அப்பா ஓய்வுபெறும் நாள். ஆபீஸில் மாலை போட்டு, நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய மனுஷன், மருத்துவமனைக் கட்டிலில் மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதயம் இனித் தாங்காது, இன்றைக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

வராந்தாவில் மாமாவின் குரல் ஓயவில்லை. மாமா ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"அக்கா, தப்பா நினைக்காதே. அஞ்சு மணிக்குள்ள போனா சர்வீஸ்ல இருக்கும்போது போனதா அர்த்தம். அவர் வேலை பொண்ணுக்கு வந்துடும். அஞ்சு தாண்டிட்டா அவர் ரிட்டயர் ஆன ஆளு. வேலையும் கிடையாது, குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். எங்க போவே?"

சீ, என்ன பேச்சு இது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

விதி என்னவோ மாமா சொன்னதுதான். பிறருடைய ஓய்வுக் கோப்புகளை எழுதி எழுதியே முப்பத்தெட்டு வருஷம் தேய்ந்தவர் அப்பா, அவருக்குத் தெரியாததா? அவரே அப்படி வந்தவர்தான். தாத்தா வேலையில் இருக்கும்போதே கண்ணை மூடியதால், இருபத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். கப்பல் வேலைக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தவராம். அத்தை சொல்லித்தான் தெரியும். அப்பா வாயைத் திறந்ததில்லை.

அவளுக்குத் திங்கட்கிழமை படகு. ஒரு தீவில் தங்கிக் கடற்பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை, ஒரு வருஷ ஒப்பந்தம். மூன்று தடவை எழுதிப்போட்டுக் கிடைத்தது. "குருவியை எண்றதெல்லாம் ஒரு உத்தியோகமா? பறந்துட்டா மறுபடி முதல்லேருந்து எண்ணுவியா?" என்று மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டார். அவருக்கும் பிடிக்கவில்லை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் அவர் மணி கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சுக்குள் செத்து, என்னை அந்த நாற்காலியில் கட்டிப்போடப் பார்க்கிறாரே இந்த மனுஷன்!

நாலரைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தார். விரல்கள் வெளுத்துப்போயின.

"போதும்ப்பா. ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்க? விட்டுடுங்க."

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியை விலக்கினார். "அஞ்சு தாண்டட்டும்."

"என்னப்பா?"

"தாண்டிட்டா... உன்னை யாரும் எதுவும் கேக்க முடியாது. நீ படகு ஏறு."

அடிப்பாவி, காலையிலிருந்து நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஆறு நிமிஷம் இருக்குப்பா... நாலு... இன்னும் ரெண்டே ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லும்போதே, போகவே வேண்டாம்ப்பா என்று உள்ளே கதறினாள்.

"அஞ்சு பத்துப்பா."

தன் கண்ணால் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் நகர்த்தாதவர் அவர். அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பிடி தளர்ந்தது.

நர்ஸ்கள் மாறும் நேரம். டாக்டர் வந்து சேர அஞ்சரை ஆகிவிட்டது. கண்ணை விரித்துப் பார்த்து, நாடியைப் பார்த்து, "எத்தனை மணிக்கு?" என்றார்.

"நாலே முக்காலுக்கு," என்றாள் கதவருகே நின்ற அம்மா.

அம்மா பொய் சொல்லி அவள் கேட்டதேயில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

அம்மா கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள். அம்மா அவளைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் சட்டை, கண்ணாடி, செருப்பு எல்லாம் திணித்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அந்தப் பையை வைக்க நாளைக்கு ஒரு வீடு வேண்டும்.

"ஆமா," என்றாள் அவள். "நாலே முக்கால்."

அப்பா உயிரைப் பிடித்து நிறுத்திச் சம்பாதித்துக் கொடுத்ததை ஒரே வார்த்தையில் தொலைத்துவிட்டாள். மாமா அவள் தலையைத் தடவினார்.

மறுநாள் காலை ஹெட் கிளார்க் ஒரு கையில் மலர்வளையமும் மறு கையில் ஒரு படிவமுமாக வீட்டுக்கு வந்தார். கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்து, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேய்யா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாள் கடத்தக்கூடாதும்மா, அதான் கையோட கொண்டுவந்துட்டேன். பிறந்த தேதி சொல்லு."

சொன்னாள். விரல்விட்டு எண்ணியவரின் முகம் மலர்ந்தது.

"இருபத்துநாலுதான் ஆகுது. அறுபதுக்கு இன்னும் முழுசா முப்பத்தாறு வருஷம்! சர்வீஸ்ல ஒரு குறையும் வராது, போ. ரிட்டயர் ஆகற தேதியைக்கூட இப்பவே குறிச்சிடலாம்." பென்சிலால் ஓரத்தில் குறித்தும்விட்டார்.

'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே விரலை வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். மை இழுபட்டுவிடக் கூடாதே என்று, அது காயும்வரை அந்த நல்ல மனுஷன் குனிந்து மெதுவாக ஊதிக்கொண்டேயிருந்தார்.